8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷின் ஓடுமா?

நீங்கள் கேட்டது இதுதான். விண்டோஸ் 11 ஹோம் இருக்கும் லேப்டாப், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. லினக்ஸ் கற்றுக்கொள்ள ஆசை. ஆனால் டூயல் பூட் (ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களைப் போடுவது) செய்யப்போய் இருப்பதும் போய்விடுமோ என்ற பயம். கூடவே, எக்ஸ்பி காலத்தில் வாங்கிய பழைய மென்பொருள் ஒன்றைத் திறந்து அதிலுள்ள கோப்புகளை எடுக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்களில் எதைப் போடலாம், கணினிக்கு ஏதாவது ஆகிவிடுமா?

ஓடும். கணினிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைவிட, ராமை எப்படிப் பங்கு போடுகிறீர்கள், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) ஒரு அமைப்பு திறந்திருக்கிறதா, ஸ்நாப்ஷாட்டைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்களா என்ற மூன்றும்தான் உங்கள் அனுபவத்தைத் தீர்மானிக்கும். அதனால் அவற்றைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். விர்ச்சுவல் மெஷின் என்பது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி. உங்கள் விண்டோஸ்தான் ஹோஸ்ட். அதற்குள் ஒரு ஜன்னலில் ஓடப்போகும் லினக்ஸ், கெஸ்ட். கெஸ்ட் தன்னிடம் ஒரு தனி ஹார்டு டிஸ்க் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். உண்மையில் அது உங்கள் எஸ்எஸ்டியில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். லினக்ஸ் நிறுவும்போது 'டிஸ்க்கை முழுவதும் அழிக்கவா?' என்று அது கேட்டால் தைரியமாகச் சரி என்று சொல்லலாம். அழியப்போவது அந்தக் கோப்பின் உள்பகுதி மட்டுமே. டூயல் பூட்டில் இதே கேள்விக்குத் தவறான பதில் சொல்லித்தான் பலர் தங்கள் படங்களையும் ஆவணங்களையும் இழக்கிறார்கள். உங்கள் பயம் நியாயமானது. அதற்குச் சரியான மருந்தும் விர்ச்சுவல் மெஷின்தான்.

வேகம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு ப்ராசஸரை மெய்நிகராக்க என்னென்ன தகுதிகள் வேண்டும் என்று போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர் 1974-லேயே வரையறுத்தார்கள். நம் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 ப்ராசஸர்கள் அந்தத் தகுதியைப் பல காலம் எட்டவே இல்லை. 1999-ல் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் வந்தபோது, தொந்தரவு தரும் கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்து அந்தக் குறையைச் சமாளித்தது. 2005-ல் இன்டெல் விடி-எக்ஸ் என்ற வசதியையும், 2006-ல் ஏஎம்டி, ஏஎம்டி-வி என்ற வசதியையும் ப்ராசஸருக்குள்ளேயே வைத்தன. அதன் பிறகு கெஸ்ட்டின் பெரும்பாலான கட்டளைகள் இடைத்தரகர் இல்லாமல் நேராக ப்ராசஸரில் ஓடத் தொடங்கின. இன்றைய விர்ச்சுவல் பாக்ஸ் இந்த வசதி இல்லாமல் ஓடவே ஓடாது.

எனவே எதையும் டவுன்லோடு செய்வதற்கு முன் இதைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தொட்டால் கீழே 'விர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி இருக்கும். எனேபிள்டு என்றிருந்தால் வேலை முடிந்தது. டிஸேபிள்டு என்றிருந்தால் பயாஸுக்குள் போய்த் திறக்க வேண்டும். இன்டெல் கணினிகளில் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' அல்லது 'விடி-எக்ஸ்' என்றிருக்கும். ஏஎம்டி கணினிகளில் பெரும்பாலும் 'எஸ்விஎம் மோடு' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். இந்தப் பெயர் தெரியாமல் தேடித் தேடிக் களைத்தவர்கள் ஏராளம். இன்னொரு எச்சரிக்கை: விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் என்க்ரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் கை வைத்த பிறகு அது ரெகவரி கீயைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் உள்ளே போங்கள்.

இனி, எது என்ற கேள்வி. உங்களுக்கு நான் சொல்வது விர்ச்சுவல் பாக்ஸ். இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் 2007-ல் திறமூலமாக வெளியிட்டது. 2008-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்க, அதன் கைக்குப் போனது. கை மாறினாலும் அடிப்படைப் பகுதி திறமூலமாகவே தொடர்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஒரே முகம். ஹோம் பதிப்பிலும் ஓடும்.

விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோ முன்பு விலை கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. பிராட்காம் அந்த நிறுவனத்தை 2023-ல் வாங்கிய பிறகு, 2024 மே மாதம் சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசமாக்கியது. அதே ஆண்டு நவம்பரில் எல்லோருக்கும் இலவசம் என்றாகிவிட்டது. திரைக்காட்சி விஷயத்தில் விர்ச்சுவல் பாக்ஸைவிட இது மேல் என்பது என் கருத்து. ஆனால் டவுன்லோடு செய்யப் பிராட்காம் தளத்தில் கணக்குத் தொடங்கி, பல பக்கங்களைத் தாண்டிப் போக வேண்டும். விண்டோஸின் சொந்த வசதியான ஹைப்பர்-வி நல்லதுதான், ஆனால் ஹோம் பதிப்பில் கிடையாது. லினக்ஸையே ஹோஸ்ட்டாக வைத்திருப்பவர்கள் கேவிஎம் பக்கம் போகலாம். 2007-லிருந்து அது லினக்ஸ் கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பகுதியாகவே இருக்கிறது. ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்த ஏஆர்எம் வகை ப்ராசஸர்) மேக் வைத்திருப்பவர்களுக்கு யுடிஎம் என்ற மென்பொருள் இருக்கிறது. அங்கே ஏஆர்எம் வகை லினக்ஸ் வேகமாக ஓடும். எக்ஸ்86 வகையை ஓட்டினால் எமுலேஷன் (வேறு வகை ப்ராசஸரை மென்பொருளால் நடிப்பது) என்பதால் ஆமை வேகம்தான்.

ஒரு இடைக்குறிப்பு: உங்களுக்கு லினக்ஸ் கட்டளைகள் மட்டும் போதும் என்றால், டபிள்யூஎஸ்எல் என்ற வசதி விண்டோஸ் 11 ஹோமிலேயே உண்டு. விர்ச்சுவல் பாக்ஸே தேவையில்லை. ஆனால் ஒரு இயங்குதளத்தை நிறுவுவது, பார்ட்டிஷன் போடுவது (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிப்பது), அது பூட் ஆகாமல் நிற்கும்போது மீட்பது இதெல்லாம் கற்க வேண்டுமானால் முழு விர்ச்சுவல் மெஷின்தான் வேண்டும். லினக்ஸை உண்மையில் கற்பது அங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

ராம் கணக்குக்கு வருவோம். உங்கள் சிக்கலின் மையம் இங்கேதான். விண்டோஸ் 11, ஒரு பிரவுசரில் நாலைந்து டேப்கள், ஆன்டிவைரஸ் எல்லாம் சேர்ந்து 4 ஜிபியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் 4 ஜிபியையும் அப்படியே கெஸ்ட்டுக்குத் தூக்கிக் கொடுத்தால், விண்டோஸ் மூச்சு வாங்க ஆரம்பித்துத் தன் நினைவகத்தை எஸ்எஸ்டிக்கு இறக்கும். கெஸ்ட்டின் நினைவகமும் அதோடு இறங்கும். இரண்டும் சேர்ந்து திணறும். 'விர்ச்சுவல் மெஷின் என்றாலே ஸ்லோ' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் குழியில் விழுந்தவர்கள்தான்.

நீங்கள் கெஸ்ட்டுக்கு 2 ஜிபி கொடுங்கள், மிஞ்சினால் 3. அதற்கு ஏற்ற லினக்ஸைத் தேர்ந்தெடுங்கள். க்னோம் டெஸ்க்டாப்போடு வரும் வழக்கமான உபுண்டு 2 ஜிபியில் இழுபறிதான். எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப் உள்ள லுபுண்டு, அல்லது எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு டெபியன் போட்டால் அதே 2 ஜிபியில் சுறுசுறுப்பாக இருக்கும். கெஸ்ட் ஓடும்போது விண்டோஸ் பக்கம் பிரவுசரை மூடி வைக்கும் பழக்கமும் உதவும். லேப்டாப்பில் ராம் மாற்றக்கூடியதாக இருந்தால், பணத்தை வேறு எதிலும் போடாமல் 16 ஜிபி ஆக்குவதில் போடுங்கள். ப்ராசஸர் கோர்களைப் பொறுத்தவரை 2 போதும். இருக்கும் எல்லாவற்றையும் கெஸ்ட்டுக்குக் கொடுத்தால் ஹோஸ்ட்டுக்கும் கெஸ்ட்டுக்கும் இடையே இழுபறி வந்து இரண்டுமே தாமதமாகும்.

டிஸ்க்குக்கு 25 ஜிபி என்று கொடுங்கள். முன்கூட்டியே முழு இடத்தையும் ஒதுக்கச் சொல்லாமல் விட்டுவிட்டால், கோப்பு சிறியதாகத் தொடங்கித் தேவைக்கேற்ப வளரும். ஆனால் வளரத் தெரிந்த அதற்குத் தானாகச் சுருங்கத் தெரியாது. கெஸ்ட்டுக்குள் 10 ஜிபி கோப்புகளை அழித்தாலும் ஹோஸ்ட்டில் இடம் திரும்பக் கிடைக்காது. காலி இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பிவிட்டுத் தனியாக ஒரு கட்டளை கொடுத்துச் சுருக்க வேண்டும். 256 ஜிபி எஸ்எஸ்டியில் இது முக்கியம். அந்தக் கோப்பை ஒன்டிரைவ் போன்ற கிளவுடோடு இணைந்த ஃபோல்டரிலும் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறை கெஸ்ட்டை ஓட்டும்போதும் கோப்பு மாறும், அது பல ஜிபியை மேலே ஏற்ற முயன்றுகொண்டே இருக்கும்.

நிறுவுவது எளிது. விர்ச்சுவல் பாக்ஸின் அதிகாரபூர்வ தளத்திலிருந்தும், லினக்ஸ் வினியோகத்தின் சொந்தத் தளத்திலிருந்தும் மட்டும் எடுங்கள். விர்ச்சுவல் பாக்ஸை நிறுவும்போது இணைய இணைப்பு சில நொடிகள் துண்டிக்கப்படும் என்று எச்சரிக்கும், பயப்பட வேண்டாம். புது மெஷின் உருவாக்கும் பக்கத்தில் ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு முழு சிடி அல்லது டிவிடியின் நகல்) காட்டியதும், 'நானே எல்லாவற்றையும் நிறுவித் தருகிறேன்' என்று ஒரு தானியங்கி வழியை விர்ச்சுவல் பாக்ஸ் முன்வைக்கும். அந்தத் தானியங்கி வழி வேண்டாம் என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள். தானியங்கி வழியில் போனால் நீங்கள் தேர்ந்தெடுக்காத பயனர் பெயர் ஒன்று வந்து உட்காரும். சில வினியோகங்களில் அந்தப் பயனருக்கு சூடோ உரிமைகூட (நிர்வாகியாகக் கட்டளை கொடுக்கும் உரிமை) இருக்காது. மேலும், நிறுவும் படிகளை நீங்களே கடந்து போவதுதான் முதல் பாடம்.

மவுஸ் ஜன்னலுக்குள் மாட்டிக்கொண்டால் வலப்பக்க கன்ட்ரோல் விசையை அழுத்துங்கள், வெளியே வந்துவிடும். திரை சின்னதாக, தபால்தலை மாதிரி தெரிந்தால் அது கோளாறு இல்லை. கெஸ்ட்டுக்குள் போட வேண்டிய விர்ச்சுவல் பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் இன்னும் போடவில்லை என்று அர்த்தம். அதைப் போட்ட பிறகு ஜன்னலின் அளவுக்குத் திரை விரியும், காப்பி பேஸ்ட் இரண்டு பக்கமும் வேலை செய்யும், பொது ஃபோல்டர் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் கெஸ்ட்டில் அந்தப் பொது ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால், உங்கள் பயனரை 'விபாக்ஸ்எஸ்எஃப்' என்ற குழுவில் சேர்த்து ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள்.

எக்ஸ்டென்ஷன் பேக் என்று தனியாக ஒன்று கிடைக்கும். பல வழிகாட்டிகள் அதையும் கட்டாயம் போடச் சொல்கின்றன. யுஎஸ்பி 2, 3 ஆகியவற்றுக்கான ஆதரவுக்காக அது ஒரு காலத்தில் தேவைப்பட்டது. 7.0 பதிப்பிலிருந்து அந்த ஆதரவு அடிப்படைப் பகுதிக்கே வந்துவிட்டது. அதன் உரிமமும் வேறு. சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும் இலவசம், அலுவலகத்தில் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம். உங்களுக்குத் தேவை இல்லை, விட்டுவிடுங்கள்.

கெஸ்ட் ஓடும் ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரிந்தால் கவனியுங்கள். விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் அடித்தள மென்பொருள்) அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல் பாக்ஸ் அதன் மேல் ஏறி மெதுவாகப் போகிறது என்பதன் அடையாளம் அது. ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி இல்லையே என்று கேட்பீர்கள். டபிள்யூஎஸ்எல் போட்டிருந்தாலோ, விண்டோஸ் செக்யூரிட்டியில் 'மெமரி இன்டெக்ரிட்டி' இயங்கினாலோ அதே ஹைப்பர்வைசர் வந்துவிடும். டபிள்யூஎஸ்எல் உங்களுக்கு வேண்டாம் என்றால் அதையும் 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்' என்ற விண்டோஸ் வசதியையும் நீக்கிவிடலாம். மெமரி இன்டெக்ரிட்டியை மட்டும், வேகம் தாங்கவே முடியாத அளவுக்குப் போனாலொழிய அணைக்காதீர்கள். அது கெர்னலைக் காக்கும் கவசம். கற்றுக்கொள்ளும் லினக்ஸ் கொஞ்சம் மெதுவாகப் போவதில் நஷ்டம் இல்லை.

இப்போது ஸ்நாப்ஷாட். விர்ச்சுவல் மெஷினின் மிகப் பெரிய கொடை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கெஸ்ட்டின் இந்த நொடி நிலையைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அப்புறம் சிஸ்டம் கோப்பை அழித்துப் பார்க்கலாம், பூட்லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கி வைக்கும் நிரல்) கெடுத்துப் பார்க்கலாம், தெரியாத கட்டளையை ரூட்டாக, அதாவது முழு உரிமையுள்ள பயனராக, ஓட்டலாம். முடிந்ததும் ஒரு க்ளிக்கில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். கற்பவருக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் இல்லை. நான் லினக்ஸில் உருப்படியாகக் கற்றதெல்லாம் இப்படி உடைத்து உடைத்துத்தான்.

ஆனால் ஸ்நாப்ஷாட் பேக்கப் ஆகாது. இதை நான் இழந்து கற்றேன். ஒரு கெஸ்ட்டில் மாதக்கணக்கில் எழுதிய ஸ்கிரிப்டுகளும் குறிப்புகளும் வைத்திருந்தேன், வாரத்துக்கொரு ஸ்நாப்ஷாட் எடுத்து நிம்மதியாக இருந்தேன். டிஸ்க்கில் இடம் குறைந்த ஒரு நாள், பழையது என்று நினைத்து ஃபோல்டரிலிருந்த பெரிய கோப்பு ஒன்றைக் கையாலேயே அழித்தேன். அது அடித்தள டிஸ்க். ஒவ்வொரு ஸ்நாப்ஷாட்டும் முந்தையதற்கும் தனக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் வைத்திருக்கும். அடித்தளம் போனதும் மேலே இருந்த எல்லா மாடிகளும் வெறும் காற்றில் நின்றன. ஒன்றையும் மீட்க முடியவில்லை.

அதனால் அந்தக் கோப்புகளை விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் தொடவே தொடாதீர்கள். அழிப்பது, நகர்த்துவது எல்லாம் விர்ச்சுவல் பாக்ஸுக்குள்ளிருந்தே செய்யுங்கள். ஸ்நாப்ஷாட்டை கெஸ்ட் அணைந்திருக்கும்போது எடுங்கள். ஓடும்போது எடுத்தால் ராமில் இருப்பதையும் சேர்த்து எழுதும், இடம் வீணாகும். மூன்று நான்குக்கு மேல் சேரவிடாதீர்கள். ஒன்றை நீக்கும்போது அதன் வித்தியாசங்களை அடுத்ததோடு இணைக்க வேண்டும், அந்த வேலைக்கே டிஸ்க்கில் காலி இடம் தேவைப்படும். பேக்கப் வேண்டுமானால் கெஸ்ட்டை அணைத்துவிட்டு, எக்ஸ்போர்ட் செய்து, முழு மெஷினையும் ஒன்றாக அடக்கும் ஓவிஏ கோப்பாக வெளி ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள்.

நெட்வொர்க்கில் எதையும் மாற்றத் தேவையில்லை. முதலில் வரும் 'நாட்' அமைப்பில் கெஸ்ட்டுக்கு 10.0.2.15 போன்ற உள்முகவரி கிடைக்கும். கெஸ்ட் இணையத்துக்குப் போகலாம், வெளியிலிருந்து யாரும் நேராக கெஸ்ட்டுக்குள் வர முடியாது. 'பிரிட்ஜ்டு' வைத்தால் கெஸ்ட், வீட்டு ரவுட்டரிடம் தனி முகவரி வாங்கி மற்ற சாதனங்களுக்குச் சமமாக உட்காரும். சர்வர் வைத்துப் பழகும் நாள் வந்தால் அது தேவைப்படும்.

பழைய மென்பொருளுக்கு வருகிறேன். எக்ஸ்பியைத் தேடும் முன், அந்த மென்பொருளின் எக்ஸ்இ கோப்பில் வலது க்ளிக் செய்து கம்பாட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் 11-லேயே ஓட்டிப் பாருங்கள். 32 பிட் மென்பொருள்கள் பல அப்படியே ஓடிவிடும். 16 பிட்டாக இருந்தால் மட்டும் வாய்ப்பே இல்லை. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டும்தான், 64 பிட் விண்டோஸ் 16 பிட் மென்பொருளை ஓட்டாது. அப்போது 32 பிட் எக்ஸ்பி கெஸ்ட்தான் வழி. உங்களிடம் எக்ஸ்பியின் அசல் சிடியும் கீயும் இருக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷினில் ஓடினாலும் விண்டோஸுக்கு உரிமம் தேவை. இணையத்தில் யாரோ தயாராக நிறுவிப் போட்டிருக்கும் எக்ஸ்பி டிஸ்க்கை எடுக்காதீர்கள், உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. 512 எம்பி ராம் எக்ஸ்பிக்குத் தாராளம்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே அந்த கெஸ்ட்டின் அமைப்பில் நெட்வொர்க் அடாப்டரையே அணைத்துவிடுங்கள். மென்பொருளை எப்படி உள்ளே கொண்டு போவது? தேவையான கோப்புகளை ஒரு ஐஎஸ்ஓவாகச் செய்து, மெய்நிகர் சிடி டிரைவில் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. எவ்வளவு பழைய இயங்குதளமும் சிடியைப் படிக்கும். வெளியே எடுக்க வேண்டிய கோப்புகளுக்கு மட்டும் ஒரு காலி ஃபோல்டரைப் பகிர்ந்து, வேலை முடிந்ததும் பகிர்வை எடுத்துவிடுங்கள்.

பாதுகாப்பா என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: சுவர் பலமானது, ஆனால் அதில் கதவுகளை நாமே வைக்கிறோம். பொது ஃபோல்டர் ஒரு கதவு. கெஸ்ட்டில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல்) புகுந்தால், எழுத அனுமதி கொடுத்த பொது ஃபோல்டரில் உள்ளதையும் அது பூட்டிவிடும். இரு பக்கக் க்ளிப்போர்டு இன்னொரு கதவு. சுவரிலேயே விரிசல் வந்ததும் உண்டு. 2015-ல் வெனம் என்று பெயரிடப்பட்ட ஓட்டை, யாரும் பயன்படுத்தாத மெய்நிகர் ஃப்ளாப்பி கன்ட்ரோலரின் நிரலில் இருந்தது. அதன் வழியாக கெஸ்ட்டிலிருந்து ஹோஸ்ட்டுக்குள் நுழைய வாய்ப்பிருந்தது. அதனால் விர்ச்சுவல் பாக்ஸ் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். சந்தேகமான கோப்புகளைத் திறந்து பார்க்கும் விளையாட்டு இப்போதைக்கு வேண்டாம்.

கேம், வீடியோ எடிட்டிங் போன்றவற்றை கெஸ்ட்டில் எதிர்பார்க்காதீர்கள். மெய்நிகர் கிராஃபிக்ஸ் அந்தச் சுமையைத் தாங்காது.

கடைசியாக, பிடிக்காமல் போனால் என்ன செய்வது? விர்ச்சுவல் பாக்ஸில் அந்த மெஷினைத் தேர்ந்தெடுத்து, ரிமூவ் கொடுத்து, எல்லாக் கோப்புகளையும் அழிக்கச் சொல்லுங்கள். எடுத்துக்கொண்ட இடம் முழுவதும் எஸ்எஸ்டிக்குத் திரும்பிவிடும். பிறகு விர்ச்சுவல் பாக்ஸையும் மற்ற மென்பொருள்களைப் போலவே அன்இன்ஸ்டால் செய்யலாம். பயாஸில் திறந்த அமைப்பு அப்படியே இருக்கட்டும், அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. உங்கள் விண்டோஸ் முன்பு இருந்தபடியே இருக்கும்.